மலைக்கோட்டை நிழலில் – 23: கூட வந்தது யாரு?

சென்ற வாரம் காந்தி மார்க்கெட்டின் கதையை 1927-இல் நிறுத்தியிருந்தேன். 1868-இல் பிறந்த சந்தை, பி. ரத்தினவேல் தேவர் நகராட்சித் தலைவராக இருந்த நாட்களில் விரிவடைந்து, காந்தி பெயரைச் சூடிக்கொண்டது வரை பார்த்தோம். குத்தகை, தரகு, மண்டி என்று அந்த வழியிலேயே போனால் இன்னும் நாலு வாரம் ஓட்டலாம். ஆனால் சந்தை என்றால் விற்கிறவரும் வாங்குகிறவரும் மட்டுமில்லை. எந்தக் குத்தகைப் பதிவேட்டிலும் இல்லாத ஓர் ஆள் தமிழ்நாட்டின் எல்லாப் பெரிய சந்தைகளிலும் இருந்துவந்திருக்கிறாள். இந்த வாரம் அவளுடைய வரலாறு.

காந்தி மார்க்கெட்டுக்குப் பொழுது விடிவது ராத்திரி பத்து மணிக்கு மேல்தான். லாரிகள் வரிசை கட்டும். வெங்காய மூட்டை ஒரு பக்கம், வாழைத்தார் ஒரு பக்கம் இறங்கும். அந்த இரைச்சலுக்குள், மண்டி வாசலில் காலிச் சாக்குகளுக்கு நடுவே ஒரு பெண் படுத்திருப்பாள். அவளை எல்லாருக்கும் தெரியும். பேர்தான் யாருக்கும் தெரியாது. மார்க்கெட்டே ஒரு பேர் வைத்திருக்கும். லோடுமேன் ஒருவர் டீயும் பன்னும் வாங்கித் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவார். விடிந்ததும் கடை திறக்க வருகிறவர் ஒரு குடம் தண்ணீரை விசிறி அவளை எழுப்புவார். டீ வைத்தவரும் தண்ணீர் ஊற்றியவரும் அவரவர் வீட்டில் நல்ல மனிதர்கள்தான். சில நாள் இரண்டும் ஒரே ஆளாகவும் இருப்பார்.

அவள் கையில் ஒரு மூட்டை இருக்கும். கிழிசல் துணி, காகிதம், காலி பாட்டில், எந்தப் பூட்டுக்குமில்லாத ஒரு சாவி. இப்படிப்பட்ட பெண்களை மீட்கும் வேலையில் இருப்பவர்கள் சொல்லும் முதல் பாடம் இதுதான்: மூட்டையைப் பிடுங்காதே, அவளோடு சேர்த்து அதையும் வண்டியில் ஏற்று. இன்னொன்றும் சொல்வார்கள். சடை பிடித்த தலையும் மாதக்கணக்கில் குளிக்காத உடம்பும் நோயின் விளைவு மட்டுமில்லை. ராத்திரி பக்கத்தில் வரும் ஆண்களை விலக்கிவைக்க அவளுக்கு இருக்கும் ஒரே வேலியும் அதுதான். முகத்தைச் சுளித்துக்கொண்டு நாம் தாண்டிப்போகும் அந்த நாற்றம் பல ராத்திரிகளில் அவளைக் காப்பாற்றியிருக்கும். எப்போதும் காப்பாற்றியதில்லை. வயிறு பெருத்து நிற்கும் ‘பைத்தியக்காரி’யை எந்த ஊர்ப் பேருந்து நிலையத்திலும் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணமானவன் புத்தி தெளிந்தவன் என்பதை யாரும் யோசித்துப் பார்ப்பதில்லை.

சட்டம் இவளை எப்படிப் பார்த்தது? 1912-ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டத்தில் 13-ஆம் பிரிவு. பித்துப் பிடித்தவர் என்று நம்பத்தக்க விதத்தில் அலைந்து திரிகிறவரைக் காவல் நிலைய அதிகாரி கைது செய்யலாம். ஆபத்தானவர் என்று பட்டால் கைது செய்தே ஆகவேண்டும். கவனியுங்கள், அழைத்துப்போவதில்லை, கைது. பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவார்கள். டாக்டர் சான்று எழுதுவார். மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். திருச்சி ஜில்லாவில் பிடிபட்டவளுக்குக் கடைசி நிறுத்தம் பெரும்பாலும் சென்னைக் கீழ்ப்பாக்கம். 1794-இல் வாலன்டைன் கொனொலி என்ற சர்ஜன் புரசைவாக்கத்தில் தொடங்கிய காப்பகம், 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. 1922-இல் அரசு மனநோய் மருத்துவமனை என்று பெயரும் மாறியது. உள்ளே போனவள் வெளியே வருவது மட்டும் மாறாத கஷ்டமாகவே இருந்தது.

அந்தப் பித்தர் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் செத்துப்போகவில்லை. 1987-இல் நாடாளுமன்றம் புதிய மனநலச் சட்டத்தை நிறைவேற்றியும், அது அமலுக்கு வந்தது 1993 ஏப்ரலில்தான். எண்பத்தொரு வருஷம் ஓடிய சட்டம். அதே 1993-இல்தான் பத்திரிகையாளர் ஷீலா பார்சே தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மேற்கு வங்கச் சிறைகளில் ஒரு குற்றமும் செய்யாத மனநோயாளிகள் அடைபட்டுக் கிடந்தார்கள். சிறைப் பதிவேட்டில் அவர்களுக்கு ‘குற்றமற்ற பித்தர்’ என்றே தலைப்பு. குற்றமில்லை என்று எழுதிவைத்துக்கொண்டே பூட்டிவைத்திருக்கிறார்கள்! அது சட்டத்துக்கும் அரசியலமைப்புக்கும் விரோதம் என்று நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது.

கீழ்ப்பாக்கத்தில் ஒரு நல்ல காலமும் உண்டு. 1961-இல் டாக்டர் எம். சாரதா மேனன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். மங்களூரில் பிறந்தவர், 2021 டிசம்பரில் 98 வயதில் சென்னையில் காலமானார். புறநோயாளிப் பிரிவை வளர்த்தார், நோயாளிக்குக் கைத்தொழில் வேண்டும் என்றார், குணமானவர்களை வீட்டுக்கு அனுப்பப் பாடுபட்டார். கடைசிக் காரியத்தில்தான் முட்டிக்கொண்டது. ஆண் குணமானால் அம்மாவோ மனைவியோ வந்து அழைத்துப்போவார்கள். பெண் குணமானால் அவளை அழைத்துப்போக வேண்டியவன் வேறு கல்யாணம் செய்துகொண்டிருப்பான். அட்மிஷன் சீட்டில் எழுதிய முகவரிக்குக் கடிதம் போட்டால் அப்படி ஒரு தெருவே இல்லை என்று திரும்பி வரும். பொய் முகவரி கொடுத்துப் பெண்ணை விட்டுவிட்டுப் போவது கீழ்ப்பாக்கத்துக்கு மட்டும் உரியதல்ல. இந்தியாவின் எல்லாப் பெரிய மனநல மருத்துவமனைகளிலும் வார்டுக்கு வார்டு கேட்கக் கிடைக்கும் கதை.

சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தில், டாக்டர் ஆர். தாராவும் சக ஆய்வாளர்களும் மனச்சிதைவு நோய் வந்து மணவாழ்க்கை முறிந்த 75 பெண்களைப் பற்றி ஓர் ஆய்வு செய்து 2003-இல் வெளியிட்டார்கள். சட்டப்படி விவாகரத்து ஆனவர்கள் அதில் குறைவு. பெரும்பாலோருக்கு ஜீவனாம்சம் என்று ஒரு காசு வரவில்லை. பிறந்த வீட்டில், வயசான பெற்றோர் தயவில் இருந்தார்கள். பலர் தாலியைக் கழற்றாமல், புருஷன் ஒருநாள் வருவான் என்று இருந்தார்கள். இத்தனைக்கும் மனச்சிதைவு என்ற பெயரைச் சொல்லிவிட்டாலே விவாகரத்துக் கிடைத்துவிடாது, நோய் எந்த அளவு, சேர்ந்து வாழவே முடியாத அளவா என்று பார்க்கவேண்டும் என உச்ச நீதிமன்றம் 1988-இலேயே ஒரு வழக்கில் சொல்லியிருந்தது. கோர்ட்டுக்குப் போனால்தானே அந்தத் தீர்ப்பெல்லாம்? பெட்டியோடு பிறந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போகிறவனுக்குத் தீர்ப்பு எதற்கு? அந்த வயசான பெற்றோரும் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் வீடு, அண்ணியின் முகம், பிறகு தெரு. மார்க்கெட் வாசலுக்கு வந்து சேரும் பாதைகளில் மிகவும் தேய்ந்த பாதை இது.

இனித் திருச்சிக்கு வருவோம். நம் ஊர்க்காரர்களுக்கே அதிகம் தெரியாத ஒரு பெருமை இதில் உண்டு. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் 1985 முதல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் ஒரு சோதனை செய்து பார்த்தது. மனநோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுக்காமல், ஆரம்பச் சுகாதார நிலையத்து டாக்டருக்குப் பயிற்சி கொடுத்து ஊரிலேயே மருந்து கொடுப்பது. அது பலித்ததும் மத்திய அரசு 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் என்று அதை எடுத்துக்கொண்டது. முதல் கட்டத்தில் நாட்டிலேயே நாலு மாவட்டங்கள்தான்: ஆந்திரத்தில் மேடக், அசாமில் நகாவ், ராஜஸ்தானில் ஒன்று, தமிழ்நாட்டில் திருச்சி. கரூரும் பெரம்பலூரும் பிரிந்துபோய் மாவட்டம் சுருங்கியிருந்த அடுத்த வருஷம் அது.

அந்தத் திட்டம் செய்த நல்லதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒரு மனநல மருத்துவர், ஓர் உளவியலாளர், ஒரு சமூகப் பணியாளர், நர்ஸ் என்று ஒரு சிறு குழு. மாதம் ஒரு ஊசி போட்டால் போதும் என்ற மருந்துகள் வந்துவிட்ட காலம். குரல்கள் கேட்கிறது, பக்கத்து வீட்டுக்காரன் செய்வினை வைத்துவிட்டான் என்று சோறு தண்ணி இல்லாமல் கிடந்த மருமகள், ஆறு மாதத்தில் எழுந்து அடுப்பு மூட்டிய வீடுகள் நம் மாவட்டத்துக் கிராமங்களில் உண்டு. சென்னைக்கு ரயிலேறாமல், கோயில் வாசலில் கட்டிப்போடாமல் இது நடந்தது.

ஆனால் ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் ஒரு கேள்வி இருந்தது. இன்றும் இருக்கிறது. “கூட யாரும்மா வந்திருக்கா?”

மருந்து எந்த வேளைக்கு என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும், அடுத்த மாதம் கூட்டிவர ஓர் ஆள் வேண்டும், கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். கேட்கிறவர்மேல் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியிலேயே மார்க்கெட் வாசலில் படுத்திருப்பவள் திட்டத்துக்கு வெளியே போய்விட்டாள். வீடு உள்ள நோயாளிக்காகக் கட்டிய ஏற்பாடு இது. கணக்கெடுப்பும் அப்படித்தான். நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல், அதாவது 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு என்றது அறிக்கை. பெரிய, கவனமான ஆய்வு. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி எடுத்தது. தட்டக் கதவில்லாதவள் அந்தப் பத்திலும் இல்லை, மீதித் தொண்ணூறிலும் இல்லை.

குணசீலம் பற்றிச் சொல்லாமல் திருச்சிக்காரன் இந்தக் கட்டுரையை முடிக்கமுடியாது. சென்னைக்காரர் கீழ்ப்பாக்கம் என்பதையும், மலேசியத் தமிழர் தஞ்சோங் ரம்புத்தான் என்பதையும் எந்தத் தொனியில் சொல்வார்களோ அதே தொனியில் நாம் குணசீலம் என்போம். சேலம் சாலையில், காவிரியின் வடகரையில் பிரசன்ன வெங்கடாசலபதி கோயில். மனம் பேதலித்தவர்களை அழைத்துவந்து 48 நாள், ஒரு மண்டலம், தங்கவைப்பது வழக்கம். பூஜை முடிந்ததும் அபிஷேகத் தீர்த்தத்தை முகத்தில் அடிப்பார்கள். நான் கோயிலைக் கேலி செய்கிறவன் அல்ல. வேளாவேளைக்குச் சாப்பாடு, சீரான தூக்கம், யாரும் முறைக்காத ஓரிடம், முக்கியமாக, வீட்டார் ஒருவர் வேலையெல்லாம் விட்டுவிட்டுக் கூடவே இருக்கும் 48 நாள். இதில் பாதி கிடைத்தாலே பலருக்குக் கொஞ்சம் தெளியும். பிற்காலத்தில் அங்கே அரசு உரிமத்தோடு மறுவாழ்வு மையமும் வந்தது, மனநல மருத்துவரும் வந்து பார்க்கிறார். தீர்த்தமும் மாத்திரையும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை.

எல்லா வழிபாட்டிடமும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். திருச்சி - நாமக்கல் எல்லைப் பக்கம், பவித்திரம் வெள்ளாளப்பட்டி அச்சப்பன் கோயிலில் விஜயதசமியன்று பெண்கள் வரிசையாக முட்டி போட்டுச் சாட்டையடி வாங்கும் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். பேய் ஓட்டுகிறார்களாம். ஆண்களைப் பேய் பிடிப்பது குறைவுபோலும்.

கூட யாரும் தங்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 காட்டியது. ராமநாதபுரம் மாவட்டம், ஏர்வாடி. சுல்தான் சையது இப்ராகிம் ஷஹீது தர்கா எல்லா மதத்தவரும் போகிற இடம். தர்காத் தண்ணீரும் அங்கே எரியும் விளக்கின் எண்ணெயும் மனநோயைத் தீர்க்கும் என்பது நம்பிக்கை. வீடு திரும்பலாம் என்ற உத்தரவு நோயாளியின் கனவில் வரவேண்டும். இரண்டு மாதமும் ஆகும், சில வருஷமும் ஆகும். அத்தனை நாள் வீட்டார் காத்திருப்பார்களா? அந்த இடைவெளியில் தனியார் காப்பகங்கள் முளைத்தன. மாதப் பணத்தை அனுப்பினால் போதும், பார்த்துக்கொள்வார்கள். பார்த்துக்கொண்ட விதம்: பகலில் மரத்தில் கயிறு, ராத்திரி கட்டிலில் சங்கிலி, இடையில் பிரம்படி.

மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம் கீற்றுக் கொட்டகை. நாற்பத்துச் சொச்சம் பேர், பெரும்பாலோர் சங்கிலியில். விடிகாலை ஐந்து மணி அளவில் தீ. கத்தினார்கள், ராத்திரி கத்துவது அங்கே வழக்கம்தானே என்று அக்கம்பக்கம் நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை. உச்ச நீதிமன்றம் தானாக எடுத்து விசாரித்த வழக்கின் தலைப்பு, ‘சங்கிலியில் இருந்த 25 பேர் தீயில் மரணம்’. மொத்தச் சாவு 28 ஆனது. ஆணும் பெண்ணுமாகக் கரிந்து கிடந்தவர்களில் யார் யார் என்று அடையாளம் சொல்லக்கூட வீட்டார் வரவேண்டியிருந்தது. ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 13-ஆம் தேதி, அங்கிருந்த அதே மாதிரிக் காப்பகங்கள் அத்தனையும் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை அரசு தன் பொறுப்பில் எடுத்தது. என். ராமதாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. 2007-இல் உரிமையாளர், அவர் மனைவி, உறவினர் இருவர் என நாலு பேருக்கு ஏழாண்டுச் சிறை.

பணம் அனுப்பியவர்களுக்குத் தண்டனை இல்லை. கொடுக்கவேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். அவர்களில் பலர் ஊர் வாய்க்குப் பயந்தவர்கள், இன்னொரு பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தவர்கள். மாவட்ட மனநலத் திட்டம் ராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் ஏர்வாடிக்குப் பிறகே போனது. திருச்சியில் 1996-இலேயே இருந்த ஒன்று, ஐந்து வருஷத்தில் அங்கே போய்ச் சேர்ந்திருந்தால் என்ற கேள்வியை என்னால் தள்ளமுடியவில்லை.

இது நம் நாட்டு ஏழ்மையால் வந்த கோளாறு என்று எண்ணுகிறவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்ணின் கதை. பெண் என்ன, சிறுமி. பெயர் எல்சி லாக்ஸ். அவளுடைய அம்மா ஹென்ரியட்டா லாக்ஸின் உடலிலிருந்து 1951-இல், பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், அவரைக் கேட்காமல் எடுத்த புற்றுநோய்ச் செல்கள்தான் இன்றும் உலகம் முழுவதும் ஆய்வகங்களில் வளர்கின்றன. போலியோ தடுப்பூசியைச் சோதித்ததும் அந்தச் செல்களில்தான். அம்மாவை இப்போது உலகம் அறியும். மகளுக்கு வலிப்பு நோய், பேச்சு வரவில்லை, மனவளர்ச்சிக் குறைவு. மேரிலாந்து மாநிலத்தின் கிரௌன்ஸ்வில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். கறுப்பினத்தவருக்கென்று தனியாக 1911-இல் தொடங்கிய மனநோய் மருத்துவமனை அது. முதல் நோயாளிகளையே கட்டட வேலைக்கு விட்டுக் கட்டியது.

அம்மா நடமாட முடிந்தவரை வாரம் தவறாமல் போய்ப் பார்த்துவந்தார், மகளின் தலையை வாரிவிட்டு வந்தார். 1951 அக்டோபரில் ஹென்ரியட்டா இறந்தார். அதோடு எல்சியைப் பார்க்க வருவது நின்றுபோனது. 1955-இல் கிரௌன்ஸ்வில்லில் 2,700 பேருக்கு மேல் அடைத்துவைத்திருந்தார்கள். அந்த வருஷம், பதினைந்து வயதில், எல்சி செத்துப்போனாள். மூளையைச் சுற்றியுள்ள நீரை வடித்துவிட்டு எக்ஸ்ரே எடுக்கும், உயிர்போகும் தலைவலி தரும் ஒரு பரிசோதனையை வலிப்பு நோயாளிகள் மேல் அங்கே நடத்தினார்கள். அவள் மேலும் நடத்தியிருக்க வாய்ப்பு அதிகம். எழுத்தாளர் ரெபெக்கா ஸ்க்லூட்டும் எல்சியின் தங்கையும் பல்லாண்டு கழித்துப் பழைய கோப்பில் ஒரு படத்தைக் கண்டுபிடித்தார்கள். வீங்கிய முகத்தோடு அழுகிற சிறுமி. அவள் தலை அசையாமல் பிடித்திருக்கும் இரண்டு வெள்ளைக் கைகள்.

பழைய கதை என்று தள்ள முடியாது. நியூயார்க் பிராங்க்ஸில் 2016 அக்டோபர் 18 அன்று டெபோரா டேனர் என்ற 66 வயதுக் கறுப்பினப் பெண்ணை அவர் வீட்டுப் படுக்கையறையிலேயே போலீஸ் சார்ஜன்ட் சுட்டுக் கொன்றார். டேனருக்கு மனச்சிதைவு நோய். நாலு வருஷம் முன்பே அவர் தன் நோயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். தம்மைப் போன்றவர்கள் போலீஸ் கையில் சாவதைப் பற்றியும் அதில் எழுதியிருந்தார். சுட்டவரை 2018-இல் நீதிமன்றம் விடுவித்தது. அங்கே தோல் நிறம் செய்யும் வேலையை இங்கே சாதியும் வறுமையும் செய்கின்றன. நோய் எந்த வீட்டுக்கும் வரும். வந்த பிறகு அவளுக்கு மாடி அறையா, மண்டி வாசலா என்பதை நோய் முடிவு செய்வதில்லை. வசதியான தெருக்களில், ஸ்ரீரங்கத்து வீதிகளையும் சேர்த்தே சொல்கிறேன், கல்யாணப் பத்திரிகையில் பெயர் வராத ஓர் அத்தை மாடி அறையில் இருந்த வீடுகள் உண்டு. அவளுக்குச் சோறு கிடைத்தது. அதைத் தாண்டி என்ன கிடைத்தது என்று அந்த வீட்டில் கேட்டால் பேச்சு மாறிவிடும்.

கூட யாரும் வராதவளுக்கு என்று ஒரு வாசல் திறந்தது, நான் முன்பு சொன்ன அதே 1993-இல். சென்னையில் கல்லூரிப் பருவத்தைத் தாண்டாத இரண்டு பெண்கள், வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும். தெருவில் அரைகுறை ஆடையோடு நின்ற ஒரு பெண்ணைச் சேர்க்க இடம் தேடி அலைந்தார்கள். மனநோயாளி என்பதால் ஆதரவற்றோர் இல்லம் ஏற்கவில்லை. ஆதரவற்றவள் என்பதால் மனநல மருத்துவமனையும் ஏற்கவில்லை. ‘தி பேன்யன்’ அப்படிப் பிறந்தது. வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்கு என்றே ஓர் அமைப்பு. குளிப்பாட்டி, முடி வெட்டி, காயத்துக்கு மருந்து போட்டு, சில வாரம் கழித்து அவள் சொல்லும் ஓர் ஊர்ப் பெயரை, ஓர் ஆற்றின் பெயரை, ஒரு சினிமாக் கொட்டகையின் பெயரை வைத்துக்கொண்டு வீட்டைத் தேடுவார்கள். பீகாரிலும் வங்கத்திலும் போய் முடிந்த தேடல்கள் உண்டு. ரயிலேறித் தொலைந்தவளுக்குச் சந்திப்பு நிலையம் உள்ள எந்த ஊரும் சொந்த ஊர்தான். திருச்சி அதில் முக்கியமானது.

திரும்பிப் போக வீடே இல்லாதவர்களுக்கு 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற ஏற்பாடு. நாலைந்து பெண்கள் சேர்ந்து சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் குடியிருப்பார்கள். உதவிக்கு ஒரு பெண். சென்னைப் பக்கத்தில் தொடங்கித் திருச்சிக்கும் வந்தது. காலையில் கோலம், மீன்காரரிடம் பேரம், ராத்திரி டி.வி. சீரியல் யார் பார்ப்பது என்ற சண்டை. முப்பது வருஷம் வார்டில் கழித்தவள் ஒரு குழம்பில் உப்பு எவ்வளவு என்று தானே முடிவு செய்கிறாள்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 அன்று அமலுக்கு வந்தது. 95-ஆம் பிரிவு சங்கிலியை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. சிகிச்சை என்ற பெயரில் கருத்தடை செய்வதையும் தடை செய்கிறது. 1994-இல் புணேயில், அரசு இல்லத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்குக் கர்ப்பப்பையை எடுத்த சம்பவத்தை நினைத்துப் பார்த்தால் அந்த வரி ஏன் வேண்டியிருந்தது என்று புரியும். 19-ஆம் பிரிவின்படி வீட்டார் ஏற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் காப்பகத்திலேயே வைத்திருக்கக்கூடாது. 100-ஆம் பிரிவுதான் 1912-இன் பழைய 13-ஆம் பிரிவுக்குப் பதில். அலைந்து திரிகிறவரைக் காவல் நிலையப் பொறுப்பாளர் பாதுகாப்பில் எடுக்கவேண்டும், கைது அல்ல. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ எந்தச் சூழ்நிலையிலும் வைக்கக்கூடாது. அவர் வீடற்றவர் என்றால், காணாமல்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து குடும்பத்தைத் தேடுவதும் போலீஸ் வேலை.

இந்தச் சட்டப்படி, மண்டி வாசலில் படுத்திருப்பவளுக்குக் கூட வரவேண்டியவர் காந்தி மார்க்கெட் காவல் நிலையத்து இன்ஸ்பெக்டர். புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை வண்டியில் சில நிமிஷ தூரம். பக்கத்துப் புதுக்கோட்டை உள்ளிட்ட சில மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இப்படி மீட்கப்படுகிறவர்களுக்கென்றே தனி வார்டு, அவசரச் சிகிச்சை மற்றும் மீட்பு மையம் என்ற பெயரில் வந்திருக்கிறது. இருந்தும் பண்டிகை நேரத்திலும் அமைச்சர் வரும் நாளிலும் தெருவில் கிடப்பவர்களை வண்டியில் ஏற்றி ஊர் எல்லை தாண்டி இறக்கிவிடும் பழக்கம் எல்லா ஊரிலும் பேச்சாக இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போடுவதைவிட அது சுலபம். ‘டெலி மானஸ்’ 14416 என்ற இலவச எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிற கடைக்காரர் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். காவல் நிலையத்துக்குப் போனால் 100-ஆம் பிரிவு என்று நம்பரைச் சொல்லிக் கேட்பது நல்லது. அங்கே நம்பருக்கு மதிப்பு அதிகம்.

மீட்டு, குணமாக்கி, வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போதுதான் கதை பழையபடி திரும்பும். வீட்டுக்காரர் அட்வான்ஸைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, யார் குடிவருகிறார்கள் என்று தெரிந்ததும், “ஆம்பளை யாரும் கூட இருக்க மாட்டாங்களா?” என்பார். பக்கத்து வீட்டில் வயசுக்கு வந்த பெண் இருக்கிறது என்பார். பூசணிக்காய் சுற்றிப் பால் காய்ச்சிக் குடிவந்த பெண்களை மூன்றாம் மாதமே காலி செய்யச் சொன்ன தெருக்கள் உண்டு. ஒரு வருஷம் கழித்து அவர்களிடமே சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரர்களும் உண்டு.

அடுத்த வாரம், மார்க்கெட் முகப்பில் நிற்கும் முதல் உலகப்போர் நினைவுச் சின்னமும் இங்கிருந்து கப்பலேறிப் போன சிப்பாய்களும்.

(தொடரும்)